மூடின குழலுக்குள்ள ஒரு கோடு: எப்படிப் பார்க்கிறது?

அடுத்த கேள்வி அருவங்காட்டுல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. "போன வீடியோல ஒரு அட்டைக் குழலைக் காட்டி, இதுதான் ஓவியம்னு சொன்னீங்க அக்கா. உள்ள இருக்கிறது ஒரே ஒரு கோடு. அதையும் திறந்து பார்க்க முடியாதுன்னா இதுக்கு என்னன்னு அர்த்தம் சொல்றது? எங்க அண்ணன் இது ஏமாத்து வேலைன்னு சொல்றாரு"ன்னு கேட்டிருக்காங்க.

நல்ல கேள்விம்மா. அந்த வீடியோ பார்க்காதவங்களுக்காகச் சொல்லிடறேன். பியரோ மான்சோனின்னு ஒரு இத்தாலிக்காரர், மிலான்ல 1959-ல இதைப் பண்ண ஆரம்பிச்சார். நீளமான காகிதம், அதுல நெடுக ஒரு மைக்கோடு. அதைச் சுருட்டி அட்டைக் குழல்ல வச்சு மூடி, வெளியில ஒரு சீட்டு ஒட்டிடுவார். கோடு எத்தனை மீட்டர், எந்த மாசம் போட்டது, கையெழுத்து. அவ்வளவுதான்.

இதைப் பார்த்ததும் "கோடுன்னா வாழ்க்கைப் பயணம்"னு ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர். எனக்கு அது ஒப்பவே இல்லை. எந்தக் கோட்டுக்கும் அதைச் சொல்லிடலாமே? முதல்ல பொருளைப் பாருங்க. காகிதம், மை, அட்டை, சீட்டு. இதுல உங்க கண்ணுக்குப் படறது குழலும் சீட்டும்தான். அந்தச் சீட்டுல இருக்கிற எண்ணைப் படிச்சதும் மனசுக்குள்ள ஒரு கோடு ஓட ஆரம்பிக்குது பாருங்க, ஓவியம் அங்கதான் நடக்குது.

1960 ஜூலையில, டென்மார்க்ல ஹெர்னிங்ங்கிற ஊர்ல, பத்திரிகை அச்சடிக்கிற காகித உருளையில 7,200 மீட்டருக்குக் கோடு போட்டார். மேட்டுப்பாளையத்துல இருந்து கல்லாறுக்கு நம்ம மலை ரயில் ஓடுதே, அதைவிடக் கொஞ்சம்தான் கம்மி. பாக்குத் தோப்பெல்லாம் தாண்டி அந்தத் தூரம் போனவங்களுக்கு 7,200ங்கிறது வெறும் எண் இல்லை, உடம்புக்கே தெரியும்.

குன்னூர்ல என் வகுப்புப் பிள்ளைங்களை வச்சு இதைச் செஞ்சு பார்த்தேன். கடையில பில் போடற காகித ரோல், ஆளுக்கு ஒண்ணு. பென்சிலை எடுக்காம இழுக்கணும், ஸ்கேல் கிடையாது. மூணாவது மீட்டர்லயே கை நடுங்குது. மூச்சு விட்ட இடமெல்லாம் கோட்டுல சின்னச் சின்ன வளைவா விழுது. முடிச்சதும் சுருட்டி, பழைய டீத்தூள் டப்பாவுல போட்டு, மேல மீட்டர் எழுதினாங்க. ரெண்டு பிள்ளைங்க மட்டும் எதுவும் வரையாம வெறும் ரோலை உள்ள வச்சுட்டாங்க. வெளியில இருந்து பார்த்தா எல்லா டப்பாவும் ஒண்ணுதான். ஆனா வரைஞ்ச பிள்ளைங்க டப்பாவை மடியை விட்டு இறக்கவே இல்லை! ஒருத்தரையும் தொட விடலை.

இப்போ உங்க அண்ணன் கேட்டதுக்கு வர்றேன். உள்ள கோடே இல்லைன்னா? அந்தச் சந்தேகம் தப்பில்லைம்மா. மான்சோனி நம்மளை நிறுத்தி வைக்கிறதே அந்த இடத்துலதான். ஓவியம்னா கண்ணால பார்த்துத்தான் நம்புவோம்னு பழகிட்டோம். இவர் ஒரு சீட்டையும் கையெழுத்தையும் கொடுத்து, இதை நம்பறியான்னு கேட்கிறார். நம்பினாலும் நம்பாட்டியும் அந்தக் கோடு உங்களை விடாது.

அண்ணன்கிட்ட ஒரு பில் ரோலைக் கொடுங்க. பத்து மீட்டர் இழுக்கட்டும். சுருட்டி மூடினப்புறம், பிரிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்க. என்ன சொன்னாருன்னு எனக்கு எழுதுங்க.