பின்வரிசைப் பிளக்குகளை விட்டுவிடாதீர்கள்: வி6 இன்ஜினில் ஆறையும் மாற்றுவது

வணக்கம் நண்பர்களே. இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கிறது, பானட் திறந்திருக்கிறது. இது வி6, அதாவது மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் ஆறு சிலிண்டர் உள்ள இன்ஜின். சிலிண்டருக்குள் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் ஒவ்வொன்றிலும் உண்டு. இன்றைக்கு அந்த ஆறு பிளக்கையும் மாற்றப் போகிறேன். ஆறையும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

போன மாதத்திலிருந்து வண்டி மேடு ஏறும்போது திணறியது. சமதளத்தில் ஒன்றுமே தெரியாது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மட்டும் ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு, அப்புறம் சரியாகிவிடும். செக் இன்ஜின் விளக்கும் விட்டு விட்டு எரிந்தது. ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் பி0303 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. கடைசியில் இருக்கும் 3தான் சிலிண்டர் எண். மூன்றாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. இந்த இன்ஜினில் 1, 3, 5 மூன்றும் பின்வரிசை.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அந்த விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் பாருங்கள். கண் சிமிட்டுவது போல எரிந்தால், இன்ஜின் கடுமையாக மிஸ் ஆகிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகப் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு உருகிவிடும். அப்புறம் பிளக் செலவெல்லாம் ஒரு செலவே இல்லை என்று ஆகிவிடும். அதனால் நானும் வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

சரி, கேமராவை உள்ளே காட்டுகிறேன். வி6 இன்ஜின் இங்கே குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டர் பக்கம் முன்வரிசை. பிளக்குகளின் தலையில் உட்கார்ந்து மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் மூன்றும் கண்ணுக்கு நேராகத் தெரிகின்றன, அரை மணி நேர வேலை. பின்வரிசை எங்கே? இதோ, நாம் உட்காரும் பகுதியைப் பிரிக்கும் தடுப்புச் சுவரான ஃபயர்வாலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் இந்தச் சந்துக்குள். என் கை மணிக்கட்டு வரைக்கும்தான் போகிறது. அதற்கு மேல், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்ட் கூரை மாதிரி கவிழ்ந்து கிடக்கிறது. சில வண்டிகளில் இந்தக் கூரையைக் கழற்றாமலேயே, கண்ணால் பார்க்காமல் கைத்தடவலிலேயே மாற்றிவிடலாம். இதில் நடு பிளக்குக்கு அது முடியாது. மேனிஃபோல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பயந்துதான் பல பேர் பின்வரிசையை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுகிறேன். அப்புறம் ஏர் இன்டேக் குழாய், உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ரோட்டில் பாடியின் கனெக்டர், நாலைந்து வாக்குவம் ஹோஸ்கள். ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன்னால் போன் கேமராவில் ஒரு படம், ஹோஸின் இரண்டு முனையிலும் ஒரே எண் போட்ட டேப். ஒரு ஹோஸை மாட்ட மறந்தால்கூடப் பிறகு ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுவது, தாறுமாறாக இருக்கும், நீங்கள் புது பிளக்கைச் சந்தேகப்படுவீர்கள். சில வண்டிகளில் த்ரோட்டில் பாடிக்கு கூலண்ட் குழாயும் வரும், அதைக் கழற்றினால் கொஞ்சம் கொட்டும், கீழே ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள்.

மேனிஃபோல்ட் வெளியே வந்துவிட்டது. இப்போது தெரிகிற இந்த ஆறு பெரிய துளைகள் நேராக வால்வுகளுக்குப் போகிற வழி. ஒரு நட், ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் சிலிண்டர்களின் மூடியான ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம். அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் சுத்தமான துணியை மடித்து எல்லாத் துளையையும் மூடிவிட்டேன். பேப்பர் டவல் வேண்டாம், கிழிந்து உள்ளே போகும்.

அடுத்தது காயில். கனெக்டரின் பூட்டை அழுத்தி, மெதுவாக. வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் இது, ரொட்டி மாதிரி உடையும். காயிலை நேராக மேலே இழுக்கக் கூடாது. முதலில் இடமும் வலமுமாகக் கொஞ்சம் திருப்பி, பிளக்கைக் கவ்வியிருக்கும் ரப்பர் உறையின் பிடியை விடுவித்துவிட்டு இழுங்கள். இந்த மூன்றாவது சிலிண்டரின் குழியில் எண்ணெய் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். இல்லை, காய்ந்துதான் இருக்கிறது. எண்ணெய் நின்றிருந்தால் வால்வ் கவரில் இருக்கும் ட்யூப் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதையும் மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றினால் ரப்பர் உறை ஊறிப்போய் மறுபடி மிஸ் ஆகும்.

குழிக்குள் காற்றடித்து மண்ணை ஊதிவிடுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. பிளக்கை அரைச் சுற்று தளர்த்திய பிறகு இன்னொரு முறை ஊதுங்கள். பிளக்கின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மணல் அப்போதுதான் கிளம்பும்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஹெட் அலுமினியம், பிளக்கின் உடம்பு இரும்பு. சூட்டில் இரண்டும் வெவ்வேறு அளவு விரியும், மரை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் பலவந்தமாகத் திருகினால் பிளக்கோடு அலுமினிய மரையும் சுருண்டு வந்துவிடும்.

இப்போது ஃபயர்வாலை ஒட்டியிருக்கும் 5ஆவது சிலிண்டர். சாக்கெட், எக்ஸ்டென்ஷன், ராட்செட் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே விட இடமில்லை. அதனால் சாக்கெட்டை மட்டும் முதலில் குழிக்குள் இறக்குகிறேன். அதன் தலையில் சின்ன எக்ஸ்டென்ஷன். அதற்கு மேல் யுனிவர்சல் ஜாயின்ட். கடைசியில் ராட்செட். உள்ளேயே கட்டி, உள்ளேயே பிரித்து எடுக்கிறோம். சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் சேருமிடத்தில் ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டால் வெளியே இழுக்கும்போது சாக்கெட் குழிக்குள்ளேயே தங்காது. இதில் 16 மி.மீ. சாக்கெட், சில வண்டிகளுக்கு 14 மி.மீ. மெல்லிய சுவர் சாக்கெட் வேண்டும், முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழலும்போது பிளக் கரகரவென்று பிடித்தால் நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, காத்திருந்து, கால் சுற்று திரும்பவும் உள்ளே திருகி, மறுபடி வெளியே. முன்னும் பின்னுமாகப் பொறுமையாகத்தான் வர வேண்டும்.

மூன்றும் வந்துவிட்டன. இதைக் கிட்டத்தில் பாருங்கள். இடது கையில் முன்வரிசைப் பிளக், வலது கையில் பின்வரிசைப் பிளக். முன்வரிசையில் இரிடியம் முனை ஊசி மாதிரி கூராக நிற்கிறது. பின்வரிசையில் அந்த ஊசியே தேய்ந்து மொட்டையாகிவிட்டது, மேலே வளைந்து வரும் எர்த் முனையின் ஓரங்களும் மழுங்கிவிட்டன. ஃபீலர் கேஜ் வைத்து இரண்டு முனைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அளந்தால் இடது 1.1 மி.மீ., வலது 1.5. பிராண்டும் வேறு வேறு.

வண்டியை நான் வாங்கியபோது ஒரு பணிமனையின் பில் கூடவே வந்தது. ஆறு பிளக் மாற்றியதாக எழுதியிருந்தது. மூன்றுதான் மாற்றியிருக்கிறார்கள். பின்னால் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த பில்லை நம்பித்தான் 38,000 கி.மீ. ஓட்டியிருக்கிறேன்.

இடைவெளி 0.4 மி.மீ. கூடினால் என்ன என்று தோன்றலாம். பொறி அந்த இடைவெளியைத் தாண்ட காயில் அதிக வோல்டேஜ் கொடுக்க வேண்டும். மேட்டில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவது இன்னும் கஷ்டம். அதனால்தான் சமதளத்தில் சாதுவாக இருந்த வண்டி மேட்டில் மட்டும் வெட்டியது. ரொம்ப நாள் இப்படியே ஓடினால் காயிலும் போய்விடும்.

பீங்கானின் அடியில், அறுகோணத்துக்கு மேலே ஒரு பழுப்பு வளையம் தெரிகிறதா? அதைப் பார்த்து வாயு கசிகிறது என்று பயப்படாதீர்கள். உயர் மின்னழுத்தம் காற்றில் இருக்கும் எண்ணெய்த் துகள்களை ஈர்த்து ஒட்டவைத்த கறை, அவ்வளவுதான்.

புது பிளக்குகளின் இடைவெளியைச் சரிபார்க்கலாம். ஆனால் வட்டக் காசு மாதிரி இருக்கும் கேஜை இரிடியம் பிளக்கில் நுழைக்காதீர்கள், மெல்லிய முனை உடைந்துவிடும். கம்பி கேஜ் போதும். மரை இறுகிப் பிடிக்காமலிருக்கத் தடவும் ஆன்டி சீஸ் பசை வேண்டாம். நல்ல பிளக்குகளின் மரையில் ஏற்கெனவே பூச்சு இருக்கிறது. மேலே பசை தடவினால் வழுக்கி, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவைவிட அதிகமாக இறுகிவிடும்.

இந்த வேலையிலேயே நான் அதிகம் மதிக்கும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஒரு சாண் ரப்பர் குழாயை எடுத்து பிளக்கின் பீங்கான் தலையில் மாட்டியிருக்கிறேன். குழிக்குள் இறக்கி, முதலில் எதிர்ப்பக்கமாக, கழற்றுகிற திசையில் மெதுவாகச் சுற்றுகிறேன். இதோ... டக். பிளக் ஒரு மயிரிழை கீழே இறங்கியது. புது மரையின் தொடக்கமும் ஹெட்டின் மரையின் தொடக்கமும் சந்தித்துவிட்டன. இப்போது உள்பக்கமாக, இரண்டு விரலால் மட்டும். மரை கோணலாக ஏறினால் ரப்பர் குழாய் வழுக்கிச் சுற்றும், பிளக் நகராது. ராட்செட்டுக்கு இந்த நாசூக்கு கிடையாது, கோணலாக இருந்தாலும் அலுமினியத்தை வெட்டிக்கொண்டு போய்விடும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரல்தான் நமக்குக் கண். அடிவரைக்கும் விரலாலேயே போக வேண்டும்.

அப்புறம் டார்க் ரெஞ்ச். 14 மி.மீ. மரை, வாஷர் வைத்த பிளக், அலுமினிய ஹெட் என்றால் பிளக் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான். யுனிவர்சல் ஜாயின்ட் வளைந்து நின்றால் அளவு தப்பும்; மேனிஃபோல்ட் கழன்றிருப்பதால் இப்போது நேராகவே வைக்க முடிகிறது. ரெஞ்ச் நுழையவே இல்லையென்றால், விரல் இறுக்கத்துக்குப் பிறகு புது வாஷருக்கு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று. வாஷர் இல்லாத கூம்பு வகைப் பிளக்குக்கு வெறும் பதினாறில் ஒரு சுற்றுதான், அதை மறக்காதீர்கள்.

காயிலின் ரப்பர் உறைக்குள், மின்சாரம் கடத்தாத டை எலக்ட்ரிக் கிரீஸ் ஒரு துளி, காயில் உட்காரும் சத்தம், கனெக்டர் கிளிக். துணிகளை எண்ணி எடுத்தேன், ஆறு வைத்தேன், ஆறு வந்துவிட்டது. புது கேஸ்கெட் வைத்து, மேனிஃபோல்ட் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று தவணையாக இறுக்கினேன்.

ஸ்டார்ட் செய்கிறேன்... கேட்கிறதா? ஐடிலிங்கில் ஒரு நடுக்கமும் இல்லை, எங்கும் ஸ்ஸ் என்ற காற்றுச் சத்தமும் இல்லை. பி0303 குறியீட்டை அழித்துவிட்டு அதே மேட்டில் இரண்டு முறை ஏறிப் பார்த்தேன், வெட்டு இல்லை, ஸ்கேனரிலும் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு சின்னத் தாள். இன்றைய தேதி, 1,48,000 கி.மீ., பின்வரிசை 1, 3, 5 உட்பட ஆறும் புதுசு என்று எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பழைய பிளக்குகள் ஆறையும் சிலிண்டர் எண் எழுதிய பையில் போட்டு வண்டியிலேயே வைத்திருக்கிறேன், நாளைக்கு இந்த வண்டியை வாங்குகிறவர் பார்க்கட்டும்.