மாரடைப்பு: பட்டியல் ஒன்று, எடை வேறு

பெரியோர்களே, தாய்மார்களே,

மாரடைப்பு என்றதும் நம் மனக்கண்ணில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் ஓர் ஆண்தான் தோன்றுகிறார். கணவரை ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனைக்கு வற்புறுத்தி அனுப்பும் மனைவியர் பலர், தமக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறதா என்று ஒருமுறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. இத்தனைக்கும், 1948-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிரேமிங்காம் நகரில் 5,209 பேரைக் கொண்டு தொடங்கப்பட்டு, இரத்தக் கொதிப்பும் கொலஸ்ட்ராலும் இதய நோய்க்கு இட்டுச் செல்வதை உலகுக்குக் காட்டிய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் பெண்களே.

கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் பயின்ற சலீம் யூசுஃப், கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வழிநடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. 52 நாடுகளில், முதன்முறை மாரடைப்பு வந்த ஏறத்தாழ 15,000 பேரை, ஏறக்குறைய அதே அளவு நோயற்றவர்களோடு ஒப்பிட்ட அவ்வாய்வு, புகைப்பழக்கம், இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை முதலான ஒன்பது காரணிகள், மாரடைப்பு அபாயத்தில் ஆண்களிடம் 90 விழுக்காட்டையும் பெண்களிடம் 94 விழுக்காட்டையும் விளக்கிவிடுவதாகக் கண்டது. எல்லாம் பரம்பரை, தலைவிதி என்று சொல்லிக்கொண்டே அடுத்த பீடியைப் பற்றவைப்பவருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி கிடையாது.

இந்தக் காரணிகளின் பட்டியல் இருபாலருக்கும் பொதுவானது; ஒவ்வொரு காரணியும் அபாயத்தைக் கூட்டும் எடைதான் வேறுபடுகிறது. அதே தரவுகளை ஆண், பெண் எனப் பிரித்துப் பார்த்தபோது, இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் பெண்களிடமே மாரடைப்போடு கூடுதல் வலுவுடன் பிணைந்திருந்தன. பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பிந்தி வருகிறது என்பது உண்மையே. ஆயினும் இயற்கை கொடுத்த இந்தத் தவணை, நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பெருமளவு கரைந்துபோகிறது; மாதவிடாய் முன்கூட்டியே நின்றுவிட்டவர்களுக்கும் அது சுருங்கிவிடுகிறது.

ஆண்களுக்கு அந்தத் தவணையும் இல்லை. அதிலும் தெற்காசியர்களுக்கு நிலைமை கடுமையானது: இன்டர்ஹார்ட் ஆய்வில் மற்ற நாட்டினருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது ஏறத்தாழ 59 ஆக இருக்க, நம் பகுதியினருக்கு 53 ஆக இருந்தது. இள வயதில் வரும் மாரடைப்பில் புகையிலையின் பங்கு பெரிது. வீட்டுக்குள் பிடிக்கும் பீடியின் புகை, பிடிக்காத மனைவியின் இரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நெஞ்சுவலி இருபாலருக்கும் முதன்மையான அறிகுறிதான். ஆனால் மூச்சிரைப்பு, குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத அயர்வு ஆகியவை பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவதால், வாயுக்கோளாறு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் ஆபத்தும் கூடுதல்.

பெண்களுக்கே உரிய காரணிகளைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. கருவுற்ற காலத்தில் வரும் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பிரசவத்தோடு மறைந்தாலும், பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பை உயர்த்துகின்றன. அமெரிக்க இதயச் சங்கம் 2011-இல் பெண்களுக்கென வெளியிட்ட வழிகாட்டுதலில் இவற்றை ஆபத்துக் காரணிகளாகவே சேர்த்தது. தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்யும் வழக்கம் ஏற்கெனவே இருப்பதால், இந்தத் தகவல் பல தாய்மார்களின் மகப்பேற்றுப் பதிவிலேயே கிடக்கிறது. அன்று சர்க்கரை இருந்ததாகச் சொல்லப்பட்டவர்கள், குழந்தை பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒருமுறையும், அதன்பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்துக்கொள்ள வேண்டும். எந்த மருத்துவரிடம் சென்றாலும், அவர் கேட்காவிட்டாலும், அதைத் தாமாகவே சொல்லவேண்டும்.