பட்டறையில் தொழில் பழகும் பையனுக்கு அரசு எவ்வளவு தருகிறது?

வணக்கம். மீஞ்சூர், பொன்னேரி பக்கத்துக் கிராமங்களில் ஐடிஐ முடித்த பையன்கள் கும்மிடிப்பூண்டி லைன் ரயிலைப் பிடித்து எண்ணூர், மணலி கம்பெனிகளில் அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர், இடம் தேடி வருகிறார்கள். அதே ரயில் நிற்கும் திருவொற்றியூரிலும் கொருக்குப்பேட்டையிலும் சின்னச் சின்ன லேத் பட்டறைகள் ஆள் இல்லாமல் தவிக்கின்றன. ஏன் ஒரு பையனைச் சேர்க்கக் கூடாது என்று கேட்டால், ஓனர் சொல்வது ஒன்றுதான்: "வேலை தெரியாத பையனுக்கு மாசாமாசம் யார் தம்பி காசு கொடுக்கிறது?"

நியாயமான கேள்வி. அந்தக் காசில் ஒரு பங்கை மத்திய அரசு தருகிறது. 2016ல் தொடங்கிய தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் அதற்குத்தான். மாத உதவித்தொகையில் 25 சதவீதம் அரசுடையது, ஆனால் 1,500 ரூபாய்தான் உச்சவரம்பு.

(திரையில்: கணக்கு)

2019 விதிகளில் ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்சத் தொகை மாதம் 7,000. அதில் 25 சதவீதம் 1,750. உச்சவரம்பு இருப்பதால் அரசு தருவது 1,500, பட்டறை தர வேண்டியது 5,500. பத்தாவது முடித்தவர் என்றால் 6,000. அரசு 1,500, நீங்கள் 4,500. சேர்க்கும் நாளில் நடப்பில் உள்ள தொகையைத் திட்டத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் முழுத் தொகையையும் ஓனர் கொடுத்துவிட்டு, அரசுப் பங்கு திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். சின்னப் பட்டறைக்கு அது கட்டுப்படியாகாது. 2023 முதல் அரசின் பங்கு நேராகப் பையனின் வங்கிக் கணக்குக்கே போகிறது. உங்கள் பங்கை அவர் கணக்கில் போட்டு, அந்த விவரத்தை இணையதளத்தில் ஏற்றினால் போதும்.

இதில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். பையனுக்கு இரண்டு கணக்கு இருக்கும். ஆதார் எதனோடு இணைந்திருக்கிறதோ அதில்தான் அரசுப் பணம் விழும். பள்ளியில் படிக்கும்போது திறந்து, பாஸ்புக்கே தொலைந்துபோன கணக்காகக்கூட அது இருக்கலாம். "எனக்குக் காசே வரலைண்ணா" என்று அவன் சொன்னால் முதலில் அதைப் பாருங்கள்.

யாரெல்லாம் சேர்க்கலாம்? 30 பேரும் அதற்கு மேலும் இருந்தால் சேர்த்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. 4 முதல் 29 பேர் என்றால் உங்கள் விருப்பம். பதிவு, ஒப்பந்தம் எல்லாம் இணையதளத்திலேயே முடிந்துவிடும். ஆனால் ஒப்பந்தத்தை முதலில் பதிவு செய்துவிட்டு அப்புறம் பையனை மெஷினில் நிறுத்துங்கள். "ரெண்டு மாசம் பார்த்துட்டு எழுதிக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் அந்த இரண்டு மாதத்துக்கு அரசுப் பங்கு கிடையாது. தொழிற்பழகுநர் என்ற பாதுகாப்பும் அவனுக்கு இருக்காது.

அந்தப் பாதுகாப்பு முக்கியம். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் இல்லை. ஆனால் கையில் அடிபட்டால் இழப்பீடு தர வேண்டியது ஓனரின் பொறுப்பு. அதனால் ராடைப் பிடித்துச் சுழலும் சக் பக்கத்தில் கையுறை போட விடாதீர்கள், கண்ணாடி இல்லாமல் கிரைண்டரில் நிற்க விடாதீர்கள். தினமும் சொல்லுங்கள்.

சரி, பணம் மட்டும்தான் செலவா? இல்லை. முதல் சில மாதம் டூல் பிட் உடையும். டிராயிங்கைத் தப்பாகப் படித்து, அறுத்து வைத்த ராடு ஸ்கிராப்புக்குப் போகும். எல்லாவற்றையும்விட, அவனுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லித்தரும் நேரத்தில் உங்கள் சீனியர் டர்னரின் மெஷின் நின்றிருக்கும். இந்தச் செலவை எந்தத் திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. பெரிய கம்பெனியில் கற்றுக்கொடுக்கத் தனியாக ஆள் உண்டு. பட்டறையில் ஓனரே வாத்தியார்.

இந்த 1,500 ரூபாய் 2016ல் வைத்த உச்சவரம்பு. 2019ல் குறைந்தபட்ச உதவித்தொகையை ஏற்றினார்கள், உச்சவரம்பை ஏற்றவில்லை. உச்சவரம்பைத் தாண்டிய சுமை பட்டறை தலையில் விழுந்தது. பத்துப் பேருக்குக் கீழே உள்ள பட்டறைகளுக்கு, முதல் ஆறு மாதமாவது உதவித்தொகையில் பாதியை அரசு ஏற்க வேண்டும். டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்கு இன்னொரு மத்தியத் திட்டத்தில் பாதித் தொகை தருகிறார்கள். தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் அதைப் பார்த்துக்கொள்கிறது. டிப்ளமோ பையனுக்குப் பாதி என்றால் ஐடிஐ பையனுக்கும் அது நியாயம்தானே?