தோற்றவருக்கு எதற்குச் சிலை?

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"தலைவனுக்கு அழகு வெற்றியா, மனசாட்சியா?" மனசாட்சியே என்று சொல்ல நாங்கள் அமெரிக்காவின் கொலராடோ மாநில ஆளுநராக இருந்த ரால்ஃப் கார் பெயரை எடுத்ததுமே, எதிரணி நண்பர் எழுந்து, "தேர்தலில் தோற்றவர்தானா உங்களுக்குக் கிடைத்தார்?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அந்தத் தோல்வியையே பேசுவோம்.

1942. அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டுச் சில மாதம்தான் ஆகிறது. அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட ஒரு கையெழுத்தில், மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, வயலை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்! மேற்கு மாநில ஆளுநர்கள் இங்கே வராதே என்கிறார்கள். கார் ஒருவர்தான், வரட்டும் என்றார். விசாரணை இல்லாமல் குடிமகனை அடைத்து வைக்க அரசியல் சட்டத்தில் இடமில்லை என்றும் சொன்னார்.

ஜப்பானியர் இங்கே வரக்கூடாது என்று கிழக்கு கொலராடோ விவசாயிகள் கொதித்துப் போய்த் திரண்டு நிற்கிறார்கள். அத்தனையும் அவருக்கு ஓட்டுப் போட வேண்டிய கைகள், அதுவும் தேர்தல் வருஷம். வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? "உங்கள் உணர்வை மதிக்கிறேன்" என்று நழுவியிருப்பார். கார் நழுவவில்லை. வருகிறவர்களுக்குத் தீங்கு செய்வதானால் முதலில் எனக்குச் செய்யுங்கள் என்றார். எனக்கு, ஐயா! கேட்டீர்களா, முதலில் எனக்கு! அதோடும் விடவில்லை. சின்ன ஊர்களில் வளர்ந்தவன் நான், இன வெறுப்பின் அவமானம் எனக்குத் தெரியும் என்றார் (கிரிப்பிள் கிரீக் சுரங்க ஊரில் வளர்ந்தவர் அவர்). அப்புறம் கூட்டத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கை நீட்டிக் காட்டி, அந்த வெறுப்பு உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்கும், உங்கள் மகிழ்ச்சியை, உங்கள் மகிழ்ச்சியை என்றார்.

அந்த ஆண்டு செனட் தேர்தலில் எட்வின் ஜான்சனிடம் தோற்றார்தான். எத்தனை ஓட்டில், நண்பரே? நாலாயிரத்துக்கும் குறைவு! ஜான்சன் யார்? 1936இல் ஆளுநராக இருந்தபோது, மெக்சிகோ தொழிலாளர்கள் உள்ளே வராமல் கொலராடோவின் தெற்கு எல்லையில் படை நிறுத்தியவர். அவர் பெயரில் மலைச் சுரங்கப்பாதை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டென்வரின் சகுரா சதுக்கத்தில் காருக்குச் சிலை வைத்தது யார்? அங்குள்ள ஜப்பானிய மக்கள்!

கார் 1950இல் இறந்துவிட்டார். 1988இல்தான் அமெரிக்க அரசு அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. கைக்குழந்தையும் ஒரு பெட்டியுமாகத் தெருவில் நின்றாளே ஒரு தாய், அவளை வா என்றது அவர் ஒருவர்தானே! அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து, இவர் தோற்றவர் அம்மா என்று சொல்ல நண்பருக்கு மனம் வருமா? நடுவர் அவர்களே, நீங்களே சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.