காலைப் பார், கண்ணைப் பார், பந்தைக் கடைசியில் பார்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் எத்தனை யார்டு எறிந்தார், எத்தனை டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) என்பதைத்தான். அந்த இளைஞர் நாளை என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் ஆட்டத்தில் தேறுவாரா என்று எடைபோட உட்காருபவருக்கு இந்த இரண்டு எண்களும் பெரிதாக உதவாது. 130 கிலோ ஆட்கள் நாலைந்து பேர் பாய்ந்து வரும்போது இவர் எங்கே நிற்கிறார், எதைப் பார்க்கிறார், எந்த நொடியில் பந்தைக் கைவிட்டு அனுப்புகிறார் என்பதுதான் அவருக்கு வேண்டும். அதைப் பார்க்கும் முறையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சென்டர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் தந்ததும், அதாவது ஸ்னாப் ஆனதும், லைன்மேன்கள் ஐவரும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் அரைவட்டமாக அரண் கட்டுகிறார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். அந்த அரணுக்குள் கிடைக்கும் இடம்தான் பாக்கெட். அது அரை வினாடிக்கு ஒருமுறை உருமாறும். ஒரு பக்கம் சுருங்கினால் இன்னொரு பக்கம் திறக்கும். திறக்கும் பக்கம் எது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்து நகர்பவரைத்தான் பாக்கெட்டில் நிற்கத் தெரிந்தவர் என்கிறோம்.

இதைத் தொலைக்காட்சி ஒளிபரப்பை மட்டும் வைத்துக்கொண்டு முழுதாகக் கணிக்க முடியாது. கேமரா பந்தை ஒட்டியே ஓடும். எதிரணியின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டிகள் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த படம் ஒன்று, கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்று, இரண்டும் வேண்டும். கால் அசைவும் தலை திரும்புவதும் இரண்டாவது படத்தில்தான் துல்லியமாகத் தெரியும். பொதுமக்கள் கையில் கல்லூரி ஆட்டங்களின் இந்தப் படங்கள் எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் ஒளிபரப்பில் பின்பக்கக் கோணத்தில் திரும்பக் காட்டும் காட்சிகளையாவது விடாமல் பாருங்கள்.

படம் கைக்கு வந்ததும் முதல் வேலை கழிப்பது. பக்கத்திலேயே கொடுத்துவிடும் ஸ்கிரீன் பாஸ், ஓடிக்கொண்டே எறியும் ரோல்அவுட், ஓட்டமா பாஸா என்பதை ஒரே ஒரு எதிராளியைப் பார்த்து முடிவுசெய்யும் ஆர்.பி.ஓ., இவை எல்லாவற்றையும் ஒதுக்கிவையுங்கள். கல்லூரி விதிப்படி, முன்னோக்கி எறியும் பாஸ் ஆட்டத்தில் லைன்மேன்கள் 3 யார்டு வரை முன்னேறலாம், என்.எஃப்.எல். 1 யார்டுதான் விடுகிறது. ஓட்டத்துக்காக லைன்மேன்கள் முன்னேறியபின்னும் பாஸ் எறிய முடிவதால்தான் கல்லூரியில் ஆர்.பி.ஓ. கொழிக்கிறது. சில அணிகளில் இவற்றைக் கழித்தால் பாஸ்களில் பாதிகூட மிஞ்சாது. ஆனால் மிஞ்சுவதுதான் பரீட்சை. அதிலும் எல்லா ஆட்டங்களையும் பார்த்துக் களைத்துப்போக வேண்டாம். நான்கு ஆட்டங்கள் போதும்: மிக வலுவான தற்காப்பு கொண்ட அணியோடு ஆடியது, தோற்றது, வெளியூரில் ஆடியது, தன் டேக்கிள்களில் ஒருவர் காயத்தால் உட்கார்ந்திருந்தபோது ஆடியது. பலவீனமான அணியை 56–3 என்று அடித்து நொறுக்கிய ஆட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

அடுத்து ஸ்டாப்வாட்ச். ஸ்னாப்பிலிருந்து பந்து கையை விடும்வரை எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு எறிதலுக்கும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டரை வினாடியை ஒட்டியது இயல்பு. மூன்றரையைத் தாண்டினால் ஏன் என்று கேட்க வேண்டும். பலர் செய்யாத வேலை இது. பதினைந்து எறிதல்களுக்குச் செய்தாலே ஒருவருடைய குணம் தெரிந்துவிடும்.

இப்போது காலுக்கு வருவோம். ஐந்து காலடி பின்வாங்கல் என்றால் குவார்ட்டர்பேக் ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து சுமார் 7 யார்டு பின்னால் போய் நிற்பார். சென்டருக்கு 5 யார்டு பின்னாலிருந்தே பந்தை வாங்கும் ஷாட்கன் நிலையில் அதே ஆழத்துக்கு மூன்று காலடி போதும். பின்காலை ஊன்றிய கணமே, பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களில் முதலாமவருக்கு எறிய வேண்டிய கணம். அவர் அடைபட்டிருந்தால் சின்னதாக ஒரு அடி முன்வைத்து இரண்டாமவர். இன்னொரு சின்ன அடி, மூன்றாமவர். அதற்கும் வழியில்லை என்றால் பக்கத்தில் நிற்கும் ரன்னிங்பேக்குக்கு, அதாவது பந்தோடு ஓடுபவருக்கு, செக்டவுன் என்ற ஒரு சின்னப் பாஸ். அதாவது எத்தனையாவது ஆளைப் பார்க்கிறார் என்பதைக் காலே சொல்லிவிடும். தலை மூன்றாமவரிடம் போயிருக்க, கால் இன்னும் முதலாமவரை நோக்கியே ஊன்றியிருந்தால் பந்து ரிசீவருக்குப் பின்னாலோ தரையிலோதான் போகும். கை வலு குறைவு என்று பலர் எழுதிவைக்கும் குறை பெரும்பாலும் இந்தக் காலில் இருக்கிறது.

ஆழத்தில் நடக்கும் தவறு இன்னும் முக்கியம். ஓரத்திலிருந்து பாய்பவரை டேக்கிள் நேருக்கு நேர் நிறுத்துவதில்லை. வளைத்து வெளிப்புறமாக, பின்னோக்கித் தள்ளிவிடுகிறார். பாய்பவரின் வளைவு 8, 9 யார்டு ஆழத்தில் முடியும். குவார்ட்டர்பேக் 7-இல் நின்று, ஒரு யார்டு முன்னேறினால் அந்த ஆள் முதுகுக்குப் பின்னால் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு போவார். பதற்றத்தில் 10 யார்டுக்குப் பின்வாங்கிவிட்டால் வளைய வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. நேராக வந்து விழுங்கிவிடுவார். பார்வையாளர்கள் டேக்கிளைத் திட்டுவார்கள். டேக்கிள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார்.

கண். நெருக்கடி வரும்போது பார்வை மைதானத்திலேயே இருக்கிறதா, பாய்ந்து வருபவர்மேல் இறங்கிவிடுகிறதா? பவுன்சர் எழும்போது தலையைத் திருப்பிக்கொள்ளும் பேட்ஸ்மேனின் குறைதான் இது. ஒருமுறை பார்வை இறங்கினால் அந்தப் பாஸ் செத்துவிட்டது. தொலைவில் இருக்கும் ரிசீவரைத் திரும்பக் கண்டுபிடிக்க நேரம் இருக்காது. ஹெல்மெட்டின் முகக்கம்பி எந்தப் பக்கம் சாய்கிறது என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கூடவே கையையும் பாருங்கள்: பந்து மார்பளவில் இரண்டு கைகளுக்குள் இருக்க வேண்டும். இடுப்பளவில் ஒற்றைக் கையில் தொங்கினால் பின்னாலிருந்து ஒரு தட்டு போதும், பந்து எதிரணிக்கு.

இன்னொரு நோய், யாரும் துரத்தாமலே ஓடுவது. அரண் சரியாக நிற்கும், எதிரே யாரும் உடைத்து வந்திருக்க மாட்டார்கள். இவர் மட்டும் முதல் ஆள் கிடைக்காத கணத்தில் வலப்பக்கம் கிளம்பிவிடுவார். வலக்கைக்காரர்கள் வலப்பக்கம்தான் ஓடுவார்கள். கல்லூரியில் இது பலிக்கும், காரணம் துரத்துபவர்கள் பெரும்பாலும் இவரைவிட மெதுவானவர்கள். கைத்தட்டலும் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் மைதானத்தின் பாதியைத் தானே அடைத்துக்கொண்டார் என்பதை நாம்தான் குறித்துவைக்க வேண்டும்.

எறிவதற்கு முன்பே வீழ்த்தப்படுவதை சாக் என்கிறோம். கல்லூரிக் கணக்கில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாக்கில் இழந்த யார்டுகளை என்.எஃப்.எல். அணியின் பாஸ் கணக்கில் கழிக்கிறது. கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. ஓட்டக் கணக்கில் கழிக்கிறது. 10 முறை ஓடி 60 யார்டு எடுத்தவர், 4 முறை வீழ்ந்து 30 யார்டு இழந்தால், பட்டியலில் 14 ஓட்டம், 30 யார்டு என்றுதான் வரும். ஓடத் தெரியாதவர் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். அவருடைய பாஸ் கணக்கோ கறையே இல்லாமல் பளபளக்கும். ஆகவே சாக்குகளைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்று பிரிக்க வேண்டும். இரண்டரை வினாடிக்குள், தடுக்கப்பட்ட வழியை உடைத்து வந்தவர் வீழ்த்தினால் அது லைன்மேன் கணக்கு. ஐந்து தடுப்பாளருக்கு எதிரே ஆறு பேர் பாய்ந்து, ஆறாமவர் வீழ்த்தினால் அது குவார்ட்டர்பேக் கணக்கு. அந்த ஆறாமவர் காலிசெய்துவிட்டு வந்த இடத்துக்கு உடனே எறிவது அவர் கடமை. நான்கு வினாடி ஆகியும் பந்து கையிலேயே இருந்தால் அதுவும் அவர் கணக்குத்தான், ரிசீவர்கள் எல்லோரும் அடைபட்டிருந்தாலும்கூட. தூக்கி வெளியே எறிந்திருக்கலாமே!

அணிகள் இதை ஒரு விகிதமாகவும் பார்க்கின்றன: நெருக்கடிக்கு ஆளான தடவைகளில் எத்தனை சாக்காக முடிந்தது என்று. 100-க்கு 15-க்குக் கீழே இருந்தால் நல்லது, 25-ஐத் தாண்டினால் கவலை. அரண் எவ்வளவு மோசமானது என்பதை நெருக்கடியின் எண்ணிக்கை சொல்லும். நெருக்கடி வந்தபின் இவர் என்ன செய்தார் என்பதை இந்த விகிதம் சொல்லும். அணி மாறினாலும் பயிற்சியாளர் மாறினாலும் கூடவே வரும் எண்களில் இதுவும் ஒன்று என்பதால், டச்டவுன் எண்ணிக்கையைவிட இதற்கு நான் அதிகம் மதிப்புக் கொடுப்பேன்.

முடிவெடுக்கும் திறன் என்று வரும்போது முதலில் கேட்க வேண்டியது, முடிவு யாருடையது? பல கல்லூரி அணிகளில் வரிசையாக நின்றபின் பதினோரு பேரும் எல்லைக்கோட்டுப் பக்கம் திரும்பிப் பயிற்சியாளரின் சைகையைப் பார்ப்பார்கள். எதிரணியின் அமைப்பைப் படித்தவர் பயிற்சியாளர், இவர் அல்ல. 2024 முதல் மேல்நிலைப் பிரிவு அணிகளுக்கு ஹெல்மெட்டுக்குள் பேசும் கருவி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஸ்னாப்புக்கான நேரத்தைக் காட்டும் கடிகாரத்தில் 15 வினாடி மிச்சமிருக்கும்போது அது அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு இவர் கை நீட்டித் தடுப்பை மாற்றுகிறாரா, எதிரணியின் நடுவரிசையில் நிற்கும் லைன்பேக்கர் இருவரில் யார் பாய்வார் என்று சென்டருக்குக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள்.

ஸ்னாப்புக்கு முன் பின்வரிசையில் இரண்டு சேஃப்டிகள் ஆழமாக நிற்பார்கள். பந்து வந்ததும் ஒருவர் நடுவுக்குச் சுழன்று இன்னொருவர் கீழே இறங்குவார். முன் பார்த்த படத்தை நம்பி எறிந்தவருக்கு அந்த இறங்கி வந்தவர் கண்ணிலேயே படமாட்டார். நேராக அவர் மார்பில் பந்து போய்ச் சேரும். ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த மூன்று சேஃப்டி அமைப்பு இன்னொரு வகைச் சோதனை: மூவர் மட்டும் பாய, எட்டுப் பேர் பின்வாங்கி நிற்பார்கள். நெருக்கடியே இல்லை, ஆனால் எறியவும் இடமில்லை. பொறுமையில்லாதவர் அங்கேதான் மாட்டுவார்.

கல்லூரி மைதானத்துக்கே உரிய ஒரு கணக்கும் உண்டு. பந்தை வைத்துத் தொடங்கும் இடத்துக்கு இருபுற எல்லையான ஹேஷ் குறிகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.-இல் பதினெட்டரை அடி. ஆகவே பந்து இடது ஹேஷில் இருந்தால் வலது எல்லைக்கோடு 100 அடி தள்ளி. அந்தப் பக்கம் 12 யார்டு ஓடி வெளியே திரும்பும் ரிசீவருக்கு எறிய, பந்து காற்றில் 35 யார்டுக்கு மேல் பறக்க வேண்டும். ரிசீவர் திரும்பியபின் எறிந்தால் தாமதம். ரிசீவரை ஒட்டி நிற்கும் எதிரணியின் கார்னர்பேக் நடுவில் புகுந்து மறுமுனைக்கே ஓடிவிடுவார். அவர் திரும்பும் முன்பே பந்து கையை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்கூட்டி முடிவெடுப்பவரை இந்த ஒரு எறிதல் காட்டிக்கொடுத்துவிடும்.

எதிரணி பாஸைப் பிடித்துக்கொள்ளும் இன்டர்செப்ஷனை எண்ணாதீர்கள், வகை பிரியுங்கள். ரிசீவர் கையில் பட்டுத் தெறித்தது ஒன்று, ரிசீவர் தவறான பாதையில் ஓடியது ஒன்று, நடுவில் தாமதமாக எறிந்தது ஒன்று. மூன்றாவதுதான் குற்றம். எதிராளி கையில் விழுந்தும் தவறவிட்ட பந்துகளையும் குற்றக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். நிலைமையும் முக்கியம்: எதிரணியின் 30-ஆவது யார்டில் நிற்கும்போது கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கக்கூடிய ஃபீல்டு கோல் 47 யார்டு (உதைக்கும் இடமும் கம்பமும் தள்ளி இருப்பதால்). அங்கே 9 யார்டு இழக்கும் சாக் ஒன்று வாங்கினால் அது 56 ஆகும். கல்லூரி உதைப்பவர்களில் பெரும்பாலோருக்கு எட்டாத தூரம். அந்த இடத்தில் பந்தை வெளியே வீசுபவருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன், பட்டியலில் அது வெற்றுப் பாஸ் என்று பதிவானாலும்.

சில பெயர்களை வைத்துப் பார்ப்போம். ஜோ பரோ 2019-இல் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ.வுக்காக 60 டச்டவுன் எறிந்தார், 6 இன்டர்செப்ஷன். முந்தைய ஆண்டு 57.8 சதவீதமாக இருந்த அவருடைய பாஸ் வெற்றி 76.3 ஆனது. ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்துக்கு எதிரான எஸ்.இ.சி. என்ற கல்லூரிக் குழுமத்தின் இறுதியில் துரத்தியவர்களிடம் தப்பி ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு எறிந்த அந்த ஒன்றைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அதில்கூட ஓட்டத்தைவிட, சுழன்று முடித்ததும் முகம் மைதானத்தை நோக்கியே இருந்ததைப் பாருங்கள். இருந்தும் 2021-இல் என்.எஃப்.எல். அணியான சின்சினாட்டியில் லீக் ஆட்டங்களில் மட்டும் 51 முறை வீழ்ந்தார். கேலப் வில்லியம்ஸ் 2022-இல் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியது பெரும்பாலும் பாக்கெட்டுக்கு வெளியே செய்த வித்தைகளுக்காக. 2024-இல் சிகாகோவில் முதல் ஆண்டு 68 சாக். அத்தனையும் அவர் தலையில் கட்டுவது நியாயமல்ல, ஆனால் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் ஒரு நல்ல பங்கு அவருக்குச் சேரும்.

சி.ஜே. ஸ்ட்ரவுட் விஷயம் நேரெதிர். ஒஹாயோ ஸ்டேட்டில் அருமையான அரணுக்குப் பின்னால் நின்று எறிபவர், அசைய மாட்டார் என்றே பேர். 2022 டிசம்பர் 31 அன்று ஜார்ஜியாவோடு ஆடிய பீச் பவுல் ஆட்டத்தில் 348 யார்டு, 4 டச்டவுன். 42–41 என்று தோற்ற ஆட்டம்தான். நெருக்கடியில் நகர்ந்தும், நகர்ந்தபின் ரிசீவர்களைத் தேடியும் அவர் ஆடியது அந்த இரவில்தான் பலர் கண்ணில் பட்டது. ஹூஸ்டனில் முதல் ஆண்டு 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன். இரண்டாம் ஆண்டு 52 சாக். அந்த 52-ஐயும் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டரை வினாடிக்கு முன் எத்தனை, பின் எத்தனை, 9 யார்டுக்கு அப்பால் நின்று வாங்கியது எத்தனை என்று பிரிக்க ஆரம்பிக்கலாம். வணக்கம்.