பார்த்து வரையும் பயிற்சி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் ஓவியம் கற்பிக்கும் எங்களைப் போன்றவர்களிடம் பெற்றோர் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. பிறர் வரைந்த படத்தையே பார்த்து வரைந்துகொண்டிருந்தால், பிள்ளைக்குச் சொந்தமாக வரையும் திறன் மங்கிவிடாதா என்கிறார்கள். படத்தின் மேல்தோற்றத்தை மட்டும் அப்படியே பெயர்த்தெடுப்பவருக்கு மங்கத்தான் செய்யும். ஆனால், மூல ஓவியர் எதை முதலில் இட்டார், எதை வரையாமலே விட்டார் என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டுக்கொண்டே வரைபவருக்கு, பழைய ஓவியத்தைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

டச்சு ஓவியர் வெர்மீர் 1665-ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த, முத்துத் தோடு அணிந்த பெண்ணின் ஓவியத்தை மாணவர்களிடம் கொடுத்து, அந்தத் தோட்டை மட்டும் வரையச் சொல்வது என் வழக்கம். பெரும்பாலோர் முதலில் ஒரு வட்டத்தைப் போட்டு, அதற்குள் வெள்ளையைப் பூசுகிறார்கள். முத்து வரவேண்டிய இடத்தில் கோலிக்குண்டு வந்து நிற்கிறது. மூலத்தில் முழு வட்டம் என்று ஒன்று கிடையாது. மேலே தடிப்பான வெள்ளைத் தீற்றல் ஒன்று, கீழே வெண்ணிறக் கழுத்துப்பட்டையின் மங்கலான எதிரொளி ஒன்று, அவ்வளவுதான். தோட்டைக் காதில் மாட்டும் கொக்கிகூட அங்கே வரையப்படவில்லை. மீதியைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்கிறது. வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாத இந்தச் செய்தி, அந்த இரண்டு தீற்றல்களைத் தம் கையால் இட்டுப் பார்க்கும்போது மாணவருக்கு ஏறிவிடுகிறது.

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இன்று கறுப்பாகத் தெரியும் பகுதி, முதலில் பச்சைத் திரைச்சீலையாக இருந்தது என்றும் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். பழைய ஓவியத்தில் நாம் காணும் இருட்டு எல்லாம் ஓவியர் விரும்பிய இருட்டு அல்ல. கைப்பேசித் திரையில் பார்த்து வரைபவர்கள் இதை இன்னும் கவனமாக நினைவில் கொள்ள வேண்டும்.

பார்த்து வரைவது தொடக்கநிலை மாணவருக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம். ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்றுவிட்ட டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், ஐம்பது வயதையொட்டிய காலத்தில், நம் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து வரைந்தார். அவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. மூலத்தின் பளிச்சிடும் வண்ணங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, தலைப்பாகையின் மடிப்பு, அரசர் நிற்கும் நிலை, மெல்லிய கோட்டின் ஓட்டம் ஆகியவற்றையே அவர் எடுத்துக்கொண்டார். வான்கோ 1889, 1890-ஆம் ஆண்டுகளில் பிரான்சின் சான்-ரெமி மனநல மருத்துவமனையில் இருந்தபோது, பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ஓவியங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுப்படங்களில் பார்த்து, வண்ணங்களைத் தாமே தேர்ந்து வரைந்தார். மூல ஓவியத்தை நேரில் காணும் வாய்ப்பில்லாத நம் ஊர் மாணவருக்கு இதைவிட ஆறுதலான முன்மாதிரி வேண்டியதில்லை.

முறையைப் பற்றி ஒரு சொல். திரையரங்குகளுக்குப் பேனர் வரைந்த கலைஞர்கள் கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்குவார்கள். குறித்த நாளுக்குள் வேலையை முடிக்க அது அருமையான வழி. பயிற்சிக்கு மட்டும் நான் அதை முதலில் அனுமதிப்பதில்லை, ஏனெனில் அளவைக் கட்டமே பார்த்துக்கொண்டால் கண் சோம்பிவிடும். முதலில் கண்ணால் அளந்து வரைந்துவிட்டு, பிழையைக் கண்டுபிடிக்க மட்டும் பிறகு கட்டம் போடலாம்.

நகலை முடித்த கையோடு நேரில் கண்டும் ஒன்று வரைய வேண்டும். ரெம்பிராண்டின் எண்ணெய் ஓவியத்தைப் பார்த்து, நிழலை மெல்லிய பழுப்பாகவும் வெளிச்சத்தைத் தடித்த வண்ணமாகவும் இட்டுப் பழகியவர், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களின் கீழ் உட்கார்ந்தால், அங்குள்ள நிழலைக் கறுப்பால் அடைக்கமாட்டார். அதற்குள் பச்சையும் செம்மண்ணும் தெரிவதைத் தேடுவார்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் இன்றும் அனுமதி பெற்றவர்களை ஓவியங்களின் முன் அமர்ந்து நகலெடுக்க விடுகிறது. ஆனால் நகலின் அளவு மூலத்தின் அளவாக இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. வீட்டில் வரைபவர்களும் அந்த விதியைக் கடைப்பிடித்து, நகலின் பின்புறத்தில் மூல ஓவியரின் பெயரையும் தம் பெயரையும் தேதியையும் எழுதிவைப்பது நல்லது.

வணக்கம்.