வேலை போனால் எத்தனை நாளுக்குக் காசு வரும்?

நேயர்களுக்கு வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட், கிண்டி பக்கம் வேலை பார்ப்பவர்கள் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) என்று ஒரு பிடித்தம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 18,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்களிடம் 135, முதலாளி பங்கு 585. கே.கே. நகர் ஆஸ்பத்திரிக்குத்தானே இது என்று விட்டுவிடுகிறோம், வேலை போனாலும் இதிலிருந்து பணம் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

2018-ல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாதான் அது (பெயரைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது). சராசரி தினக்கூலியில் பாதி கிடைக்கும். நீங்களாக ராஜினாமா செய்தால் கிடையாது. குறைந்தது இரண்டு வருடம் இஎஸ்ஐ உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும், அது போதாதென்று நாள் கணக்கு வேறு: ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. வேலை போனதற்கு முந்தைய காலத்தில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும், அதற்கு முன்னால் உள்ள மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் அதே 78 நாள்.

சரி, கட்டியாயிற்று, எத்தனை நாள் வரும்? அதிகபட்சம் 90 நாள், அதுவும் ஆயுளில் ஒரே தடவை. இரண்டு வருடம் கட்டியவருக்கும் 90, இருபது வருடம் கட்டியவருக்கும் அதே 90! எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஜெர்மனியில் 12 மாதம் கட்டினால் 6 மாதம், 24 மாதம் கட்டினால் ஒரு வருடம், 58 வயதைத் தாண்டியவர் 48 மாதம் கட்டியிருந்தால் இரண்டு வருடம் என்று கட்டக் கட்ட ஏறிக்கொண்டே போகும். அங்கே பிடித்தமும் அதிகம்தான், ஆனாலும் வயதானவருக்கு அடுத்த வேலை சீக்கிரம் கிடைக்காது என்பதை யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

நம் திட்டத்தை அவ்வப்போதுதான் நீட்டிக்கிறார்கள், அதனால் விண்ணப்பிக்கும் முன் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்புறம், காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது இஎஸ்ஐ நம்பர் போட விடாதீர்கள். கட்டிய நாட்கள் இரண்டு நம்பரில் சிதறினால் அந்த 78-ஐக் காட்டுவதே பெரும்பாடு. புது காண்ட்ராக்டர் என்ன சொன்னாலும் பழைய நம்பரையே கொடுங்கள்.